வைக்கோல் கூரைக்குக் கீழே மச்சாள்

மச்சாளைச் சிட்னிக்குக் கூட்டிக்கொண்டு வருவது என்று நாங்கள் முடிவெடுத்தபோது, மச்சாளைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்டிருந்தோம். கனடாவில் இருக்கும் என் கணவரின் தம்பி சரி என்றார். மெல்பேர்னில் வேலை செய்யும் எங்கள் மகள் "குட் ஐடியா அம்மா" என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பினாள். சிட்னியில் நாங்கள் இருக்கும் பென்டில் ஹில்லில், தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற அன்ரிமார்கூட, "பாவம், தனிய எத்தனை நாளைக்கு இருக்கிறது, கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று அனுமதி வழங்கினார்கள். சம்பந்தப்பட்ட ஆளிடம் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தோம்.

மச்சாள் என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. இள வயதிலேயே மருத்துவம் படிக்க இங்கிலாந்துக்குப் போனவர். சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியராக அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பிள்ளைகள் இல்லை. ஓய்வுக்காலத்துக்கென்று அவரும் அவருடைய கணவரும் சஃபோக் பக்கத்து நாட்டுப்புறத்தில் ஒரு பழைய பண்ணைவீட்டை வாங்கினார்கள். வாங்கிச் சில வருடங்களிலேயே கணவர் மாரடைப்பில் போய்விட்டார். எழுபது தாண்டிய மனுசி அந்த வீட்டில் தனியாக இருந்தார். எங்கள் கவலை தனிமையைப் பற்றியது மட்டுமல்ல, அந்த வீட்டைப் பற்றியதும்தான்.

நானூறு வருடத்துக்கு மேல் பழைய வீடு. ஓக் மரச்சட்டம், அந்தச் சட்டங்களுக்கு நடுவே மண்சுவர், மேலே வைக்கோல் கூரை. முதல் முதல் மச்சாள் படம் அனுப்பியபோது இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாட்டுக்கொட்டில் வடிவாத்தான் இருக்கு. வீடு எங்க?" என்றார்.

இவரைக் குறை சொல்லவும் முடியாது. சிட்னிக்கு வந்த நாள் முதல் கட்டட வேலைத்தளங்களில் கொங்கிரீட் ஊற்றுவதை மேற்பார்வை செய்தே வாழ்க்கையை ஓட்டியவர். காரில் போகும்போது மாடிக் கட்டடங்களைக் காட்டி "உதுக்கு அத்திவாரம் நான் போட்டது" என்று சொல்லாத நாள் இல்லை. ஒரு வீட்டில் ஆணி அடிக்கப் போனால் சுவர் எதிர்த்து நிற்க வேண்டும், அதுதான் வீடு என்பது அவருடைய கொள்கை. அவருடைய அக்கா லட்சக்கணக்கில் கொடுத்து வைக்கோலும் மண்ணும் வாங்கியிருந்தார்.

ஆகவே இவர் பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுப் பின்வளவில் அக்காவுக்கென்று கிரானி ஃபிளாட் என்கிற ஒரு சின்னத் தனிவீடு கட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில், இடுப்பு முறிந்து வருபவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் வார்டில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயதானவர்கள் எங்கே எப்படி விழுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். படியே இருக்கக்கூடாது என்றேன், படி இல்லை. குளியலறையில் இரண்டு பக்கமும் கைப்பிடி என்றேன், வந்தது. வழுக்காத தரை, அகலக் கதவு, இருந்தபடியே குளிக்க ஒரு கதிரை. குசினியில் மச்சாளின் உயரத்துக்கு அளந்து தட்டு அடித்தார். கட்டி முடித்த அன்று இவர் வாசலில் நின்று அதைப் பார்த்த பார்வையில் எனக்கே கொஞ்சம் பொறாமை வந்தது.

பிறகுதான் நாங்கள் இங்கிலாந்துக்கு விமானம் ஏறினோம். "சும்மா பாத்துட்டுப் போக வாறம்" என்றுதான் மச்சாளிடம் சொல்லியிருந்தோம்.

வயல்களுக்கு நடுவே ஒரு ஒடுக்கமான பாதை. அதன் முடிவில் அந்த வீடு சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சுவர்களில் வெளுத்த ரோசா நிறச் சுண்ணாம்பு. கூரை ஒரு முழத்துக்கு மேல் தடிப்பாக இருந்தது. குருவிகள் இழுத்துக்கொண்டு போகாமலிருக்க மேலே மெல்லிய கம்பிவலை போட்டிருந்தார்கள். நிலைக்கதவு நல்ல தாழ்வு. இவர் உள்ளே போன முதலாவது காலடியிலேயே நெற்றியை உத்திரத்தில் இடித்துக்கொண்டார்.

"குனிஞ்சு வா தம்பி. இந்த வீட்டுக்குள்ள எல்லாரும் குனிஞ்சுதான் வரவேணும்" என்றார் மச்சாள். சிரிப்பை அடக்கக்கூட முயற்சி செய்யவில்லை.

உள்ளே எதுவுமே நேராக இல்லை. தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மேசையின் இரண்டு கால்களுக்குக் கீழே மரத்துண்டு வைத்திருந்தார். ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய அடுப்புக்குழியும், அதற்கு மேலே கரிபிடித்த ஒரு பெரிய உத்திரமும். மாடிப்படி ஏணிக்கும் படிக்கும் நடுவே ஏதோ ஒன்று. பிடிக்கக் கம்பிக்குப் பதிலாகச் சுவரோடு ஒரு தடித்த கயிறு. அதைப் பார்த்த உடனேயே என் வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் என் கண்முன் வந்து போனார்கள். ஆனால் வீடு நல்ல சூடாக இருந்தது. வெளியே காற்று பிய்த்துக்கொண்டு போனபோதும் உள்ளே ஒரு சத்தமில்லை. இதை நான் அப்போது இவரிடம் சொல்லவில்லை.

இவர் அந்த வீட்டில் படுக்கவில்லை. வளவுக்குள் செங்கல்லால் கட்டி ஓடு போட்ட ஒரு பழைய பால்அறை இருந்தது. மச்சாள் அதில் தோட்டச் சாமான்கள் வைத்திருந்தார். இவர் முதுகுவலி, மெத்தை சரியில்லை, அது இது என்று ஏதோ சொல்லி ஒரு மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அங்கே குடியேறினார். மண்வெட்டிகளோடு படுக்கப் போன புருஷனை நான் விடிய விடியக் கேலி செய்திருப்பேன், மச்சாளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டேன். மச்சாள் ஒரு கம்பளிப் போர்வையை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கொஞ்ச நாள் நான் வேவு பார்த்தேன். மச்சாள் படியில் இறங்கும்போது பின்னால் நின்றேன். பின்பக்கமாகத் திரும்பி, கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார்; அவசரப்படவேயில்லை.

"நீர் என்னை அளக்கிறீர் போல" என்றார் ஒருநாள், கீழே வந்து சேர்ந்ததும்.

"இந்தப் படி உங்கட வயசுக்குச் சரிவராது மச்சாள்."

"ஓம், சரிவராது. அதாலதான் கவனமா இறங்கிறன். சமனான தரையில ஆர் கவனமா நடக்கினம்?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். ஆனாலும் நான் விடுகிற ஆளில்லை. சரியான நேரம் பார்த்துச் சிட்னிக் கதையை எடுப்பது என்று காத்திருந்தேன்.

இவருக்குக் காத்திருக்கத் தெரியாது. வீட்டின் பின்பக்கச் சுவரில் குசினி யன்னலுக்குக் கீழே ஒரு இடத்தில் பூச்சு வெடித்து விழுந்து, உள்ளே இருந்த மண்ணும் அதில் குழைத்த வைக்கோலும் குறுக்கே கட்டிய தடிகளும் தெரிந்தன. இவர் போகும்போதும் வரும்போதும் அதையே பார்த்தார். எங்கள் ஆட்களுக்கு மண்சுவர் வெளியே தெரிவது மானப் பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் கல்வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் கலியாணத்தையே தள்ளிப்போட்ட சனம் நாங்கள். வைத்தியம் படித்த அக்காவின் வீட்டு மண் உலகத்துக்குத் தெரிய நிற்பதை இவரால் தாங்க முடியவில்லை.

மச்சாள் வாரத்தில் ஒரு நாள் ஊர் மண்டபத்தில் வயதானவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போவார். தன்னைவிட இளையவர்களுக்கும் ஊற்றுகிறாராம். அன்று அவர் கார் வளைவில் மறைந்ததும் இவர் வாடகைக் காரை எடுத்தார். நான் குசினியில் சொதிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த சத்தம் கேட்டது. பிறகு சுவரில் சரக், சரக் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், இவர் மேசன் கரண்டியோடு நிற்கிறார். காலடியில் சீமெந்துப் பை. வெடித்த இடம் மட்டுமல்ல, யன்னலின் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் மட்டமாகப் பூசி முடிந்திருந்தது. பலகை வைத்து இழுத்து, ஈரத்தூரிகையால் தடவி, கண்ணாடி மாதிரிச் செய்திருந்தார். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அது அழகாகத்தான் பட்டது.

"மச்சாளைக் கேட்டனீங்களோ?"

"நல்லது செய்யிறதுக்கும் கேக்கவேணுமோ?" என்றார்.

அப்போது மச்சாளின் கார் வந்தது. கைப்பையோடு வீட்டைச் சுற்றி வந்தவர் சுவரைக் கண்டார். கைப்பை புல்லில் விழுந்தது. ஓடி வந்து, வெறுங்கையால் அந்தச் சீமெந்தை வழிக்கத் தொடங்கினார்.

"எடுங்கோ! காயிறதுக்கு முதல் எடுங்கோ! தம்பி, நிண்டு பாக்காத, எடு!"

மச்சாள் குரல் உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. மூன்று பேருமாக விழுந்து விழுந்து வழித்தோம். நான் சோற்றுக்கரண்டியோடு நின்றேன். இவர் தான் அரை மணி நேரமாக இழைத்து இழைத்துச் செய்த வேலையைத் தன் கையாலேயே சுரண்டினார், முகம் கறுத்துப்போய். சுவர் மறுபடி மண்ணாக நின்றபிறகுதான் மச்சாள் மூச்சு விட்டார். அவருடைய விரல் நுனிகளில் சீமெந்து தோலைத் தின்றிருந்தது. குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவிக் கழுவி மருந்து பூசிக் கட்டுப்போட்டேன்.

அவர் விளங்கப்படுத்தினார். இந்தச் சுவர் மழையைக் குடிக்கும், பிறகு வெயிலுக்கும் காற்றுக்கும் அதை வெளியே விட்டுவிடும். அதற்காகத்தான் சுண்ணாம்பு பூசுவது. சீமெந்து பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வராது, ஓக் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் சுவர் நின்ற நிலையிலேயே இடிந்து விழுந்துவிடும். இது பழமைக்காகப் பாதுகாக்கப்பட்ட வீடு, அனுமதியில்லாமல் ஒரு ஆணிகூட மாற்ற முடியாது. கொட்டிலில் ஒரு வாளி நிறையச் சுண்ணாம்பு, தயிர் போல, தண்ணீருக்குக் கீழே ஊறுகிறது. கோடை வந்ததும் தானே அந்த இடத்தைப் பூச இருந்தாராம்.

"வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்போ? அதையோ வீட்டுக்குப் பூசுறது?" என்றார் இவர். அதோடு விட்டிருக்கலாம். "விக்கிற நேரத்தில சுவர் உப்பிடி வெடிச்சுக் கிடந்தா ஆர் வாங்குவான்? அதுக்குத்தான் பூசினனான்" என்றார்.

குசினியில் சொதி பொங்கி வழிந்தது. நான் அடுப்பை நிறுத்தினேன்.

"விக்கிறதோ? ஆர் விக்கிறது?" என்றார் மச்சாள்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. நானே சொன்னேன். பின்வளவு வீடு, கைப்பிடிகள், அளந்தடித்த தட்டு, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி பத்து நிமிடத்தில், சுற்றிலும் தமிழ் ஆட்கள், எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல சாமானை விற்கிற ஆள் மாதிரித்தான் சொல்லியிருப்பேன். மச்சாள் கட்டுப்போட்ட விரல்களை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"எனக்கெண்டு கட்டினியோ தம்பி?" என்றார். "சந்தோசம். உண்மையா எனக்குச் சந்தோசம். ஆனா நான் வரமாட்டன்."

"ஏன்?"

"நான் போன இடமெல்லாம் ஆரோ அனுப்பிப் போனது. அப்பா படிக்க அனுப்பினார். ஆஸ்பத்திரிகள் ஊர் ஊரா அனுப்பினது. கலியாணம் முடிச்சு அவர் இருந்த இடத்துக்குப் போனன். இந்த வீடு ஒண்டுதான் நான் பாத்து, நான் ஆசைப்பட்டு, நான் ஒற்றைக்காலில நிண்டு வாங்கினது. அவருக்கே முதல்ல விருப்பமில்ல."

இவர் எழும்பினார். உத்திரத்தில் தலை இடித்தது. அதைத் தடவக்கூட இல்லை.

"நீங்கள் அங்க இல்ல அக்கா. உங்களுக்குத் தெரியாது" என்றார்.

அந்தக் கதையை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். சண்டையில் இடம்பெயர்ந்து போன காலத்தில் இவரும் இவருடைய அம்மாவும் தம்பியும் தென்னோலைக் கிடுகால் கூரை வேய்ந்த ஒரு கொட்டிலில் இருந்தார்கள். ஒரு மத்தியானம் பக்கத்து அடுப்பிலிருந்து நெருப்புப் பறந்து அந்த வரிசையே எரிந்தது. கூரை எரிந்து விழ விழ இவர் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அம்மா பிழைத்தார். அந்த வருடம் அக்காவுக்கு எழுதிய கடிதங்களில், கவலைப்படுவார் என்று, இதை யாருமே எழுதவில்லை. இப்போது இவர் அந்தக் குசினியில் நின்றுகொண்டு ஒன்றுவிடாமல் சொன்னார். கிடுகு எரியும்போது என்ன சத்தம் வரும் என்றுகூடச் சொன்னார்.

"உந்தக் கூரையைப் பாக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தச் சத்தம் கேக்குது. அதுக்குக் கீழ நீங்கள் படுத்திருக்கிறியள். நான் சிட்னியில போய் எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

மச்சாள் அழுதார். நானும் அழுதேன். மச்சாள் எழும்பித் தம்பியின் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இனி வந்துவிடுவார், நாங்கள் வென்றுவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. அதை நான் உங்கள் ஒருத்தருக்கும் மன்னிக்கமாட்டன்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்தார். "ஆனா தம்பி, பயம் உன்ர. வீடு என்ர. உன்ர பயத்துக்காக நான் என்ர வீட்டை விக்கேலாது."

அது கொடுமையான பேச்சு என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. மனுசி கல்நெஞ்சுக்காரி என்று எனக்குள் திட்டினேன். புகைபோக்கியை வருடா வருடம் துடைப்பது, மின்கம்பிகளைப் புதிதாக மாற்றியது, கூரைக்குள் புகை மணந்தாலே கத்துகிற கருவி என்று மச்சாள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இவர் பின்னால் போய்ப் பார்த்தார். தலையாட்டினார். அன்றும் பால்அறையில்தான் போய்ப் படுத்தார்.

நாங்கள் தனியாகவே திரும்பி வந்தோம்.

பென்டில் ஹில்லில் அந்தச் சின்ன வீடு பூட்டியபடி நின்றது. வாடகைக்குக் கேட்டு வெஸ்ட்மீட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். இவர் கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் திறந்து கூட்டுவார், யன்னலைத் துடைப்பார், குழாயைத் திறந்து தண்ணீர் ஓடவிட்டு மூடுவார். அக்காவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவார். குளிர் எப்படி, சாப்பிட்டீங்களோ, அதற்கு மேல் பேச்சு நகராது. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே மூக்கு. நடுவில் நான் இருந்துகொண்டு காலநிலை அறிவிப்பாளர் வேலை பார்த்தேன்.

அடுத்த பனிக்காலத்தில் ஒருநாள், ஞாயிறு அல்லாத நாளில், மச்சாள் வீடியோவில் கூப்பிட்டார். வலது கை முழங்கைவரை கட்டியிருந்தது.

"விழுந்திட்டன்" என்றார்.

"நான் சொன்னனான்! அந்தப் படி!" என்று கத்தினேன்.

"படியில்ல. சுப்பர்மார்க்கெட்டில, கார் விடுற இடத்தில. நல்ல மட்டமான கொங்கிரீட்" என்றார். அந்த வலியிலும் மனுசிக்கு வாய் குறையவில்லை.

நான் இவரைப் பார்த்தேன். இதோ தொடங்கப்போகிறார், வித்துப்போட்டு வெளிக்கிடுங்கோ என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். எனக்கும் அதைச் சொல்ல வாய் துடித்தது. எலும்பு முறிந்த கையோடு, மற்றக் கையால் மட்டும் கயிற்றைப் பிடித்து அந்தப் படியில் ஏறுகிற மனுசியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இவர் போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"அக்கா, நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

முப்பது வருடத்தில் இவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் என்ன செய்யவேண்டும் என்று சொல்லுகிற ஆள். மச்சாளும் அதை எதிர்பார்க்கவில்லை போல. கண் கலங்கிவிட்டது.

"வா. வந்து சமைச்சுத் தா. எனக்குப் போத்தல் மூடி திறக்கவும் ஏலாது."

எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்திராத மனுசன், அந்தக் கிழமையே மிளகாய்த்தூளும் அரிசிமாவும் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார். முழங்கால் சத்திரசிகிச்சைக்கு எனக்கு நாள் குறித்திருந்தபடியால் நான் போகவில்லை. மகள் மெல்பேர்னிலிருந்து வந்து என்னைப் பார்த்துக்கொண்டாள். போகமுதல் இவர் பின்வளவுச் சாவியை மேசையில் வைத்து, கேட்டு வந்த பிள்ளைகளில் யாருக்காவது கொடுக்கச் சொன்னார்.

"அவசரப்படாதேங்கோ. மச்சாள் ஒருவேளை மனம் மாறினாலும்" என்றேன்.

"மாறமாட்டா. மாறவும் வேண்டாம்" என்றார்.

போய்ச் சேர்ந்து சில நாட்களில் வீடியோவில் வந்தார். முன்துணி கட்டியிருந்தார். பருப்புக்கு எவ்வளவு மஞ்சள் என்று கேட்டார். பின்னால் மச்சாளின் குரல், "உப்பை மறந்திட்டான், கேளும்" என்றது. இவருடைய கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது.

"பால்அறை இந்தக் குளிருக்குச் சரிவராது. எங்க படுக்கிறீங்கள்?"

"மேல. அக்காவின்ர அறைக்குப் பக்கத்து அறையில."

"வைக்கோலுக்குக் கீழயோ? நித்திரை வருதோ?"

கரண்டியைச் சட்டி விளிம்பில் வைத்தார்.

"வரேல்ல," என்றார். "ஆனா அக்கா கூப்பிட்டாக் கேக்கும்."